மின்வெட்டு நேரத்துத் தொலைக்காட்சி

கேள்வி இதுதான்: “என் அப்பா மாலை ஏழு மணிக்கு ஒரு சேனலை வைத்தால் தூங்கப் போகும்வரை அதே சேனல்தான். தம்பிக்குச் செய்தி என்றால் கைப்பேசியில் வருவது மட்டும்தான். ஒரே கூரையின் கீழ் இருந்தும் இருவரும் இரண்டு வேறு நாடுகளில் வாழ்வதுபோல் இருக்கிறது. தேர்தல் நெருங்கினால் சாப்பாட்டு நேரத்தில் சண்டை. நமக்கு என்ன தெரிய வேண்டும், யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்பதை ஊடகம்தான் தீர்மானிக்கிறதா?”

முப்பது ஆண்டுகள் நாளிதழ்ச் செய்தி மேசையில் உட்கார்ந்துவிட்டு, பிறகு சில காலம் இதழியல் மாணவர்களுக்கு வகுப்பு எடுத்தவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தக் கேள்விக்கு “ஆம்” என்று சொல்லத்தான் ஆசை. ஆட்சியை மாற்றும் பேனா எங்கள் கையில் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வது சுகமானது. சம்பளம் குறைவாக இருந்தபோதெல்லாம் அந்த நினைப்புதான் எங்களைத் தாங்கியது. ஆனால் ஒருவர் போடும் ஓட்டை இழுத்து வேறு பக்கம் திருப்பும் பலம் ஊடகத்துக்கு நீங்கள் அஞ்சும் அளவுக்கு இல்லை. அதன் பலம் வேறு இடத்தில் இருக்கிறது: நம் கண்ணுக்கு எட்டாத விஷயங்களில். கண்ணுக்கு எட்டிய விஷயத்தில் அது அநேகமாகத் தோற்றுப்போகும்.

இதற்கு நம் ஊரிலேயே நடந்த ஒன்றைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. 2006 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. இலவச வண்ணத் தொலைக்காட்சி தருவதாக வாக்குறுதி கொடுத்தது. ஆட்சிக்கு வந்ததும் கொடுக்கவும் செய்தது. அடுத்த ஐந்து ஆண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. மாநிலத்தில் அதிகம் பார்க்கப்பட்ட தமிழ் சேனல் அந்தக் கட்சித் தலைவரின் உறவினர் குடும்பத்துடையது. 2007-இல் கலைஞர் தொலைக்காட்சியும் வந்துவிட்டது. ஊடகம்தான் ஓட்டைத் தீர்மானிக்கும் என்றால், பெட்டியும் கொடுத்து அதற்குள் ஓடும் படத்தையும் கொடுத்தவர்கள் தோற்க வழியே இல்லை. 2011-இல் அவர்களுக்குக் கிடைத்தது 23 இடங்கள். அ.தி.மு.க.வுக்கு 150. தே.மு.தி.க. 29 இடங்களுடன் எதிர்க்கட்சி ஆனது.

தோல்விக்குக் காரணங்கள் பல. அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: மின்வெட்டு. தினமும் பல மணி நேரம் மின்சாரம் இல்லை. நெசவாளிக்குத் தறி ஓடவில்லை, விவசாயிக்கு மோட்டார் ஓடவில்லை, தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு விளக்கு எரியவில்லை. இலவசமாக வந்த தொலைக்காட்சி அந்த இருட்டில் சும்மா உட்கார்ந்திருந்தது. மின்சாரம் வந்ததும் அதில் எந்தச் சேனலை வைத்து எவ்வளவு இனிமையான செய்தியைக் கேட்டாலும், இருட்டில் விசிறியோடு உட்கார்ந்திருந்த இரண்டு மணி நேரத்தை அது அழித்துவிடாது. (அடுத்த ஆட்சியின் முதல் இரண்டு ஆண்டுகளில் மின்வெட்டு இன்னும் மோசமானது என்பது தனிக்கதை.)

அதே தேர்தலில் இன்னொரு விஷயமும் பேசப்பட்டது. தி.மு.க.வைச் சேர்ந்த மத்திய அமைச்சரின் துறை கைப்பேசி நிறுவனங்களுக்குச் செய்த 2ஜி அலைக்கற்றை ஒதுக்கீடு. இது மின்வெட்டுக்கு நேர் எதிரானது. அலைக்கற்றையை யாரும் கண்ணால் பார்த்ததில்லை, கையால் தொட்டதில்லை. அது இழப்பா, எவ்வளவு இழப்பு, யாருக்கு இழப்பு என்று எந்த வீட்டிலும் அனுபவத்தால் சொல்ல முடியாது. நம் தலைக்குள் அதைப் பற்றி இருந்த அத்தனையும் ஊடகம் கொண்டுவந்து வைத்ததுதான். இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை 2010 நவம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அந்த அறிக்கை ஒரே ஒரு தொகையைச் சொல்லவில்லை. வெவ்வேறு கணக்கீட்டு முறைகளில் சுமார் 58,000 கோடி ரூபாயில் தொடங்கி 1,76,645 கோடி வரை பல தொகைகளைச் சொன்னது. பிறகு சி.பி.ஐ. தன் குற்றப்பத்திரிகையில் சொன்னது 30,984 கோடி. இப்போது உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். அவருக்கு எந்தத் தொகை நினைவிருக்கும்? ஒரு லட்சத்து எழுபத்தாறாயிரம் கோடி. எனக்கும் அதுதான் முதலில் வருகிறது, மற்றத் தொகைகளைப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகும்.

தலைப்புப் போடும் வேலையைச் செய்தவன் என்பதால் அது ஏன் என்று எனக்குத் தெரியும். எட்டு பத்தித் தலைப்பில் “58,000 முதல் 1,76,645 வரை, கணக்கிடும் முறையைப் பொறுத்து” என்று யாரும் போட மாட்டார்கள். பெரிய எண் ஒன்றைப் போடுவார்கள். 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் தனி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட எல்லோரையும் விடுவித்தது. அதன் மீது மேல்முறையீடும் போனது. இந்த மூன்றையும் ஒன்றாக வைத்து, ஒதுக்கீட்டு முறை தவறு என்பதும் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்பதும் இரு வேறு முடிவுகள் என்று பிரித்துப் பேசும் ஆளை டீக்கடையில் நான் பார்த்ததில்லை. அவரவர் கட்சிக்குத் தேவையான ஒரு தேதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மின்வெட்டைப் பற்றி அப்படி இரண்டு கதை இருக்கவில்லை.

இந்த வேறுபாட்டை ஊடக ஆய்வாளர்கள் 1970-களிலேயே கவனித்துவிட்டார்கள். விலைவாசி, வேலையின்மை போல நம் உடம்பில் படும் பிரச்சினைகளில் செய்தி எவ்வளவு வந்தாலும் மக்களின் எண்ணம் அதைப் பெரிதாகப் பின்தொடர்வதில்லை. வெளியுறவு, ஊழல், எல்லைத் தகராறு போல நேரில் படாத பிரச்சினைகளில் செய்தி கூடினால் கவலையும் கூடுகிறது, குறைந்தால் கவலையும் குறைகிறது. பெரிய கண்டுபிடிப்பு என்று தோன்றாது. ஆனால் தேர்தல் முடிவைப் பற்றி எழுதும் எங்கள் ஆட்கள் பாதிப்பேருக்கு இது இன்னும் எட்டவில்லை.

1967-ஐப் பாருங்கள். அந்த ஆண்டு ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆரை எம்.ஆர். ராதா சுட்டார். கழுத்தில் கட்டுடன் எம்.ஜி.ஆர். இருக்கும் படம் ஊர் ஊராகச் சுவரில் ஏறியது. அடுத்த மாதம் தேர்தல். பிரசாரத்துக்குப் போக முடியாத எம்.ஜி.ஆர். பரங்கிமலையில் வென்றார், தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது, காமராஜர் விருதுநகரில் தோற்றார். ஒரு போஸ்டர் ஆட்சியை மாற்றியது என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறோம். அரிசித் தட்டுப்பாடு இருந்தது. ரேஷன் கடை வரிசை இருந்தது. 1965 மொழிப் போராட்டத்தின் துப்பாக்கிச் சூடு இரண்டு ஆண்டுக்குள் யாருக்கும் மறந்துவிடவில்லை. “ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்” என்ற வாசகம் காதில் ஏறியது அதன் ஓசை நயத்தால் மட்டும் இல்லை. கேட்டவர்கள் வீட்டில் அரிசிப் பானை காலியாக இருந்தது. போஸ்டர் வேலை செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. அது ஏற்கெனவே காய்ந்திருந்த சருகில் விழுந்த பொறி.

நட்சத்திரக் குரலுக்கும் இதுதான் கதி. 1996-இல் ரஜினிகாந்த் அன்றைய ஆட்சிக்கு எதிராகத் தொலைக்காட்சியில் பேசினார். அ.தி.மு.க. நான்கே இடங்களுக்குச் சுருங்கியது, முதலமைச்சரே பர்கூரில் தோற்றார். “பார்த்தீர்களா, ஒரு பேட்டி ஆட்சியைக் கவிழ்த்துவிட்டது” என்றார்கள். 2004 மக்களவைத் தேர்தலில் அதே ரஜினிகாந்த் பா.ம.க.வுக்கு எதிராகக் குரல் கொடுத்தார், ரசிகர்கள் களத்தில் இறங்கினார்கள். பா.ம.க. புதுச்சேரியையும் சேர்த்துப் போட்டியிட்ட ஆறு இடங்களிலும் வென்றது. குரல் அதே குரல், ரசிகர்களும் பெரும்பாலும் அதே ரசிகர்கள். காற்றுத்தான் 1996-இல் ஒரு பக்கம், 2004-இல் வேறு பக்கம்.

சரி, ஊடகம் கொண்டுவரும் செய்தி ஓட்டாக மாற வேண்டுமானால் என்ன நடக்க வேண்டும்? இங்கே அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக்கு ஒரு நடை போய்வர வேண்டும். 1940-இல் ரூஸ்வெல்ட்டும் வெண்டல் வில்கியும் மோதிய அதிபர் தேர்தல். பால் லாசர்ஸ்ஃபெல்ட் என்ற ஆஸ்திரியரும் அவருடைய குழுவினரும் ஈரி என்ற மாவட்டத்தில் சுமார் 600 பேரை மே மாதம் முதல் நவம்பர் வரை மாதந்தோறும் சந்தித்துப் பேசினார்கள். வானொலியும் பத்திரிகையும் வாக்காளரை எப்படி மாற்றுகின்றன என்று கண்டுபிடிக்கத்தான் போனார்கள். கிடைத்தது வேறு. பிரசாரத்தால் ஒரு கட்சியிலிருந்து மறு கட்சிக்கு மாறியவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில்தான் இருந்தார்கள். மற்றவர்களை ஏற்கெனவே இருந்த இடத்திலேயே பிரசாரம் உறுதியாக உட்காரவைத்தது. தேர்தலைப் பற்றி எங்கிருந்து தெரிந்துகொண்டீர்கள் என்று கேட்டால், வானொலியைவிட, பத்திரிகையைவிட, பக்கத்து வீட்டுக்காரர், உடன் வேலை பார்ப்பவர், மாமனார் என்று மனிதர்களைச் சொன்னவர்கள்தான் அதிகம். பத்திரிகையைப் படிப்பவர் ஒருவர், அவர் சொல்லிக் கேட்பவர்கள் பலர்.

இதைக் கண்டுபிடிக்க ஒஹாயோ வரை போயிருக்க வேண்டாம், எங்கள் ஊர் டீக்கடைக்கு வந்திருந்தால் போதும். நான் சிறுவனாக இருந்தபோது கடைக்கு வரும் தினத்தந்தி ஒன்றுதான். காலை ஆறரைக்குள் அது நாலு துண்டாகிவிடும். நடுப்பக்கம் ஒருவர் கையில், கடைசிப் பக்கம் இன்னொருவர் கையில். முதல் பக்கம் மட்டும் ஓய்வுபெற்ற ஒரு தலையாரியிடம் போகும். அவர் உரக்கப் படிப்பார். எழுதியதை அப்படியே படிப்பவர் இல்லை. அமைச்சர் சொன்னது என்று ஒரு வரியைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி ஒரு சிரிப்புச் சிரிப்பார். அந்தச் சிரிப்புத்தான் எங்கள் ஊருக்குத் தலையங்கம். 1942-இல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய அந்த ஏடு, படிப்பு குறைந்தவரும் எழுத்துக் கூட்டிப் படிக்கும்படியான எளிய நடையை வைத்தது. எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கு அந்தத் தலையாரி இருந்தார். திராவிட இயக்கம் படிப்பகங்களையும் சலூன்களையும் சைக்கிள் கடைகளையும் பிடித்ததன் சூட்சுமமும் இதுதான். வானொலி அரசின் கையில் இருந்த காலத்தில், அவர்கள் ஒவ்வொரு தெருவிலும் உரக்கப் படிக்கும் ஓர் ஆளை உருவாக்கினார்கள். அந்த ஆள்பலத்தோடு ஒப்பிட்டால் அவர்கள் எடுத்த சினிமாகூட இரண்டாமிடம்தான் என்பது என் கணிப்பு. சினிமாக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பத்திரிகை வாங்காதவருக்கும் எங்கள் கை நீளும் ஓர் இடம் இருந்தது. பெட்டிக்கடை வாசலில் தொங்கும் வால்போஸ்டர். ஒரு தாளில் ஐந்தாறு சொல், கட்டை எழுத்து. அதை எழுதுவது செய்தி மேசையில் மிகவும் மதிக்கப்பட்ட வேலை. காலையில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் காசு கொடுக்காமல் அதைப் படித்துவிட்டுப் போவார். அன்றைக்கு முழுவதும் அவர் பேச்சு அதைச் சுற்றித்தான். அதில் “அமைச்சர் மீது புகார்” என்று இருந்தால் அவர் அமைச்சருக்கு எதிரி ஆகிவிடுவார் என்று அர்த்தமில்லை. “புகார் எல்லாம் பொய்” என்று வாதாடவும் செய்யலாம். ஆனால் அன்று அவர் பேசுவது அமைச்சரைப் பற்றி, ஏரி தூர்வாராததைப் பற்றி அல்ல. அமெரிக்காவில் மேக்ஸ்வெல் மெக்கோம்ப்ஸும் டொனால்ட் ஷாவும் 1968 அதிபர் தேர்தலின்போது சேப்பல் ஹில் என்ற ஊரில், இன்னும் முடிவு செய்யாத 100 வாக்காளர்களைக் கேட்டு இதைத்தான் எண்ணிக் காட்டினார்கள். ஊடகம் எந்தப் பிரச்சினைகளுக்கு இடம் கொடுத்ததோ, அவற்றையே அதே வரிசையில் முக்கியமானவை என்று வாக்காளர்களும் சொன்னார்கள். என்ன நினைக்க வேண்டும் என்பது அவரவர் பாடு. எதைப் பற்றி நினைக்க வேண்டும் என்பது எங்கள் பாடு.

இதைவிட நுட்பமான ஒன்று உண்டு, அதில் எனக்குக் குற்ற உணர்வும் உண்டு. ஒரே நிகழ்வை எப்படிச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்துப் படிப்பவர் பழியை வேறு இடத்தில் வைக்கிறார். ஷாந்தோ அய்யங்கார் என்ற ஆய்வாளர் 1980-களில் பார்வையாளர்களை அழைத்து வறுமையைப் பற்றிய செய்திகளைக் காட்டினார். ஒரு தனிக் குடும்பத்தின் கதையாகக் காட்டியபோது, அந்தக் குடும்பமே தன் நிலைக்குப் பொறுப்பு என்று பார்த்தவர்கள் சாய்ந்தார்கள். வேலைவாய்ப்பு, அரசின் கொள்கை என்று பின்னணியோடு காட்டியபோது அரசைக் கேட்டார்கள். நான் எத்தனை விபத்துச் செய்தியைத் திருத்தி அச்சுக்கு அனுப்பியிருப்பேன்! “லாரி மோதி இருவர் பலி. டிரைவர் தூக்கக் கலக்கம்.” நாலு வரி, ஒற்றைப் பத்தி. ஒரு மாவட்டச் செய்தியாளர் ஒருமுறை தொலைபேசியில், “சார், இந்த வளைவில் இந்த வருஷம் நான் அனுப்புகிற ஆறாவது செய்தி இது” என்றார். ஆறையும் சேர்த்துத்தான் போட்டிருக்க வேண்டும். இடம் இல்லை என்றேன். ஆறு டிரைவர்கள் தூங்கினார்கள் என்றுதான் வாசகருக்குத் தெரியும். அந்த வளைவுக்கு ஒரு துறை பொறுப்பு, அந்தத் துறைக்கு ஓர் அமைச்சர் பொறுப்பு என்பது எங்கள் ஏட்டைப் படித்து யாருக்கும் தெரிந்திருக்காது. ஊடகம் அரசியல் அறிவைக் கெடுப்பது பொய்யால் மட்டும் அல்ல. ஒவ்வொன்றும் உண்மையான ஆறு செய்திகளாலும் கெடுக்கலாம்.

உங்கள் அப்பாவின் சேனலுக்கு வருகிறேன். கட்சிச் சார்புள்ள சேனல் ஓட்டை மாற்றுமா? மாற்றும், கொஞ்சமாக. அமெரிக்காவில் ஃபாக்ஸ் நியூஸ் 1996-இல் தொடங்கியபோது கேபிள் நிறுவனங்கள் அதை எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கவில்லை. 2000 தேர்தலுக்குள் சில ஊர்களுக்குப் போயிருந்தது, சில ஊர்களுக்குப் போகவில்லை. டெல்லாவிக்னா, கப்லான் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இந்த இரண்டு வகை ஊர்களையும் ஒப்பிட்டார்கள். சேனல் போன ஊர்களில் குடியரசுக் கட்சிக்கு 0.4 முதல் 0.7 சதவீதப் புள்ளி வரை கூடுதல். இவ்வளவுதானா என்று கேட்கலாம். அந்தத் தேர்தலில் ஃபுளோரிடா 537 ஓட்டில் முடிவானது, அந்த 537 ஓட்டு அதிபரையே முடிவு செய்தது. நெருக்கமான போட்டியில் சிட்டிகை உப்பும் ருசியை மாற்றிவிடும்.

ஆனால் நம் ஊரில் ஒரு விசேஷம் இருக்கிறது. கட்சிக்கு ஒரு சேனல் என்று ஆன பிறகு, எந்தச் சேனல் யாருடையது என்று குழந்தைக்கும் தெரியும். ஜெயா என்றால் யார், மக்கள் என்றால் யார், கேப்டன் என்றால் யார் என்று கேட்கவே வேண்டாம், பெயரிலேயே இருந்தது. நிறம் தெரிந்தால் பார்ப்பவர் கழிக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டுதான் பார்க்கிறார். அப்பா ஏமாந்து அந்தச் சேனலைப் பார்க்கவில்லை. அது தன் பக்கம் என்று தெரிந்தேதான் பார்க்கிறார். அவருக்கு ஏற்படும் இழப்பு, அந்தச் சேனல் சொல்வதால் அல்ல, சொல்லாமல் விடுவதால். 2020 செப்டம்பரில் அமெரிக்காவில் ஃபாக்ஸ் நியூஸ் பார்ப்பவர்கள் சிலருக்கு மணிக்கு 15 டாலர் கொடுத்து ஒரு மாதம் சி.என்.என். பார்க்கவைத்து ஓர் ஆய்வு நடத்தினார்கள். அவர்கள் கட்சி மாறவில்லை. தங்கள் சேனல் எதையெல்லாம் காட்டாமல் விட்டது என்பதைத் தெரிந்துகொண்டார்கள், சில விஷயங்களில் கருத்தும் நகர்ந்தது. பணம் நின்றதும் பழைய சேனலுக்கே திரும்பினார்கள், நகர்ந்த கருத்தும் பெரும்பாலும் பழைய இடத்துக்கே வந்தது.

அப்பாவையும் தம்பியையும் ஒரே நடுநிலைச் செய்தியின் முன் உட்காரவைத்தால் தீர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். 1982-இல் லெபனானின் பெய்ரூட்டில் பாலஸ்தீன அகதி முகாம்களில் நடந்த படுகொலை பற்றிய அதே தொலைக்காட்சிச் செய்தித் தொகுப்பை இஸ்ரேலை ஆதரிக்கும் மாணவர்களுக்கும் அரபு தரப்பை ஆதரிக்கும் மாணவர்களுக்கும் காட்டினார்கள். இரு தரப்பும் கோபத்தோடு எழுந்தன. செய்தி தங்களுக்கு எதிராக ஒருதலைப்பட்சமாக இருக்கிறது என்று இரு தரப்பும் சொன்னன. விஷயத்தை அதிகம் அறிந்தவர்களுக்குக் கோபமும் அதிகம். இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள். ஊடகத்தால் மற்றவர்கள் மயங்குகிறார்கள், நான் மட்டும் தெளிவாக இருக்கிறேன் என்று நினைப்பது எல்லோருக்கும் உள்ள வழக்கம், அதற்கும் ஆய்வு உண்டு. நீங்கள் அப்பாவைப் பற்றிக் கேட்டீர்கள், தம்பியைப் பற்றிக் கேட்டீர்கள். உங்களைப் பற்றிக் கேட்கவில்லை.

தம்பியின் கைப்பேசிதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது, ஆனால் பலர் சொல்லும் காரணத்துக்காக அல்ல. தூர்தர்ஷன் மட்டும் இருந்த காலத்தில் வெள்ளிக்கிழமை ‘ஒலியும் ஒளியும்’ பார்க்க உட்கார்ந்தவர் வேறு வழியில்லாமல் செய்தியையும் கேட்டார். அரசு செய்திதான், சலிப்பான செய்திதான். ஆனாலும் பாட்டுக்கு வந்தவர் காதிலும் பட்ஜெட் என்ற சொல் விழுந்தது. தேர்ந்தெடுக்கும் வசதி பெருகியதும் அந்தத் தற்செயல் போய்விட்டது. செய்தி வேண்டியவர் இருபத்துநான்கு மணி நேரமும் செய்தியில் மூழ்கினார், பாட்டு வேண்டியவர் பாட்டில் மூழ்கினார். அறிந்தவர் இன்னும் அறிந்தவரானார், மற்றவர் முன்பு அறிந்ததையும் இழந்தார்.

அதைவிட முக்கியமானது, கைப்பேசிச் செய்திக்கு நிறம் இல்லை. தலையாரி படித்தால் அவர் எந்தக் கட்சி என்று ஊருக்குத் தெரியும். சித்தப்பா அனுப்பும் ‘பகிரப்பட்டது’ என்ற குறியுள்ள செய்தியை எழுதியவர் யார் என்று சித்தப்பாவுக்கே தெரியாது. ஆனால் சித்தப்பா மீதுள்ள நம்பிக்கை அந்தச் செய்தியின் மேல் ஒட்டிக்கொள்கிறது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே என்ன நடந்தது என்று நினைவிருக்கும். சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த குடும்பம், வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. பிள்ளை பிடிக்கும் கும்பல் சுற்றுகிறது என்று அந்தப் பகுதி முழுவதும் வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியிருந்தது. கூட்டம் அடித்ததில் முதிய பெண் ஒருவர் இறந்தார். அடித்தவர்களில் எவரும் அந்த வதந்தியை யாரோ அந்நியனிடமிருந்து பெற்றிருக்க மாட்டார்கள், தெரிந்தவர்களிடமிருந்துதான் பெற்றிருப்பார்கள். நாடெங்கும் இப்படிப் பல சம்பவங்கள் நடந்த பிறகு, அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது.

இதே பலம் நல்லதற்கும் வேலை செய்யும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2010 அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தல் நாளன்று ஃபேஸ்புக் 6 கோடிக்கும் மேற்பட்டோரை வைத்து ஒரு சோதனை நடத்தியது. “இன்று தேர்தல், ஓட்டுப் போடுங்கள்” என்ற வெறும் அறிவிப்பைப் பார்த்தவர்களிடம் ஒரு மாற்றமும் இல்லை. அதே அறிவிப்போடு, ஓட்டுப் போட்டுவிட்டதாகச் சொன்ன நண்பர்களின் முகங்களையும் பார்த்தவர்களில் கொஞ்சம் பேர் கூடுதலாக வாக்குச்சாவடிக்குப் போனார்கள். அவர்களுடைய நெருங்கிய நண்பர்களும் போனார்கள். எல்லாம் சேர்த்து 3,40,000 ஓட்டு கூடியிருக்கும் என்று கணக்கிட்டார்கள். 1940-இல் ஒஹாயோவில் மாமனார் செய்த வேலையை இங்கே ஒரு சின்னப் புகைப்படம் செய்தது.

இதுவரை வாக்காளரைப் பற்றியே பேசினேன். ஊடகம் வாக்காளரைவிட வேகமாக அசைப்பது அதிகாரத்தில் இருப்பவர்களை. 2001 ஜூன் 30 அதிகாலையில் மு. கருணாநிதி கைது செய்யப்பட்ட காட்சியை சன் தொலைக்காட்சி திரும்பத் திரும்ப ஒளிபரப்பியது. ஜெயா தொலைக்காட்சி காவல்துறை எடுத்த காட்சிகளைக் கொண்டு வேறொரு கதையைச் சொன்னது. தமிழ்நாட்டில் அவரவர் அவரவர் சேனலை நம்பினார்கள், கட்சி மாறியவர் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் படம் டெல்லிக்குப் போனது. மறுநாளே மத்திய அமைச்சரவை ஆளுநர் பாத்திமா பீவியைத் திரும்பப் பெறப் பரிந்துரைத்தது, அவர் பதவி விலகினார். மக்கள் என்ன நினைப்பார்களோ என்று ஆட்சியாளர் கற்பனை செய்கிறாரே, அந்தக் கற்பனைதான் ஊடகத்தின் உண்மையான வாசகர்.

1943 வங்கப் பஞ்சத்திலும் அப்படித்தான். கல்கத்தா தெருக்களில் மக்கள் செத்து விழுந்துகொண்டிருக்க, பிரிட்டிஷ் அரசு அதை மூடி மறைத்தது. ஆகஸ்ட் 22 அன்று ‘ஸ்டேட்ஸ்மன்’ ஏட்டின் ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ் பட்டினியில் கிடந்தவர்களின் படங்களை வெளியிட்டார். அதன் பிறகுதான் லண்டனும் உலகமும் பார்த்தன. சுதந்திரமான பத்திரிகையும் தேர்தலும் உள்ள நாட்டில் பெரும் பஞ்சம் வருவதில்லை என்று பிற்காலத்தில் அமர்த்தியா சென் வாதிட்டது இந்தப் பஞ்சத்தைச் சிறுவனாகக் கண்ணால் பார்த்தவர் என்ற முறையிலும்தான். டிமதி பெஸ்லி, ராபின் பர்ஜஸ் என்ற இருவர் 1958 முதல் 1992 வரை இந்திய மாநிலங்களின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். பத்திரிகை அதிகம் விற்கும் மாநிலங்களில், வறட்சி வெள்ளம் வந்தபோது அரசு உணவு தானியமும் நிவாரணமும் கூடுதலாகக் கொடுத்திருந்தது. அந்த வேலையைச் செய்தவை ஆங்கில ஏடுகள் அல்ல. மாநில மொழி ஏடுகள். அந்தக் கட்டுரையைப் படித்த அன்று எங்கள் மேசையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஆகவே அப்பா எந்தச் சேனல் பார்க்கிறார் என்று சண்டை போடுவதைவிட, அந்தச் சேனலும் தம்பியின் கைப்பேசியும் சேர்ந்தே எதைக் காட்டாமல் விடுகின்றன என்று பாருங்கள். எனக்குத் தோன்றும் பெரிய இடைவெளி, உள்ளாட்சி. 2011 அக்டோபரில் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு, 2016-இல் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-இல். ஐந்து ஆண்டுக்கும் மேலாகச் சென்னை முதல் சின்னப் பேரூராட்சி வரை ஒரு கவுன்சிலர்கூட இல்லை. குப்பை, குடிநீர், தெருவிளக்கு எல்லாம் அதிகாரிகள் கையில். நம் மாலை நேர விவாத மேடைகளில் இந்த ஐந்து ஆண்டில் யார் எந்தக் கூட்டணியில் சேருவார் என்று பேசிய நேரத்தில் நூற்றில் ஒரு பங்கு இதற்குப் போயிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். மாநில அரசியல் ஆளுக்கு ஆள் தெரியும், தெரு அரசியல் தெரியாது. அமெரிக்காவில் தொகுதியின் எல்லையும் உள்ளூர்ப் பத்திரிகை விற்கும் எல்லையும் ஒன்றாக இருக்கும் இடங்களில் மக்களுக்குத் தங்கள் பிரதிநிதியின் பெயர் அதிகம் தெரிந்திருக்கிறது, அந்தப் பிரதிநிதியும் தொகுதிக்காக அதிகம் உழைக்கிறார் என்று ஓர் ஆய்வு காட்டியது. நம் ஏடுகளின் மாவட்டப் பதிப்பு அந்த வேலையைச் செய்யலாம். பெரும்பாலும் விபத்தும் திருவிழாவும் போடுவதோடு நின்றுவிடுகிறது. நான் இருந்தபோதும் அப்படித்தான் நின்றது.

உங்கள் கேள்வி வந்த அன்று இரவு சாப்பிடும்போது எங்கள் வார்டு கவுன்சிலர் பெயர் என்ன என்று வீட்டில் கேட்டேன். எனக்குத் தெரிந்திருக்கவில்லை, மகனுக்கும் தெரியவில்லை. செய்தித்தாளே படிக்காத என் மனைவி பெயரைச் சொன்னார், வீட்டு முகவரியும் சொன்னார். மே மாதம் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று அவர்தான் இரண்டு முறை போய்வந்திருக்கிறார்.